பதினேழு பேருக்கும் திங்கட்கிழமை காய்ச்சல்

நவம்பர் 4, திங்கள்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது, இது புதிது. முதல் பக்கத்தில் முறைப்படி எழுதிவிட்டேன்: ச. பால்வண்ணன், தலைமை ஆசிரியர், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுவப்பொட்டல். பணியில் சேர்ந்து இருபத்தொன்பது ஆண்டுகள். எடுத்த தற்செயல் விடுப்பு: இல்லை. கடைசி வரியைப் பெருமைக்காக எழுதவில்லை. தகவலுக்காக.

தீபாவளி முடிந்து இன்று பள்ளி திறந்தோம். திறந்தோம் என்றால் நான்தான் திறந்தேன். உதவி ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். வருகை பதினேழுக்குப் பதினேழு. பிள்ளைகளின் பெற்றோர் எல்லாருக்கும் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை. தீபாவளியோடு ஆலையை மூடிவிட்டார்கள். திறக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஊரே வீட்டில் இருப்பதால் பதினைந்து வீட்டு டிவியும் வகுப்பறைக்குள் கேட்கிறது. எட்டாம் வாய்ப்பாடு சொல்லும்போது ஒரு பிள்ளை நடுவில் சலவைத்தூள் விளம்பரத்தைச் சேர்த்துவிட்டது.

மாலையில் தங்கமாரி வந்தார். ஐந்தாம் வகுப்பு சஷ்டிகாவின் அம்மா. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியும் அவர்தான். கழிப்பறைக் கதவு விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். வரும் திங்கள் முதல் வியாழன் வரை ஊர் மொத்தமும் பஸ் பிடித்து திருச்செந்தூர், கன்னியாகுமரி, குற்றாலம் போகிறது என்றும், பிள்ளைகளுக்கு நாலு நாள் லீவு வேண்டும் என்றும் சொன்னார். எத்தனை பிள்ளைகளுக்கு என்று கேட்டேன். பதினேழு என்றார்.

தொடர் வருகையின் முக்கியத்துவம் குறித்து அரை மணி நேரம் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"மே மாசம் நீங்க லீவு விடுறப்ப நாங்க பட்டாசு மருந்துக்குள்ள கெடக்கோம் சார். எங்களுக்கு லீவு விடுறப்ப நீங்க பள்ளிக்கூடம் வைக்கிறீங்க. இந்தப் பிள்ளைங்க எங்ககூட எப்பத்தான் சார் ஒரு எடத்துக்குப் போகும்?"

கழிப்பறைக் கதவு விஷயத்தை நானே எடுத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

காலை வழிபாடு முடிந்ததும் சஷ்டிகா ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்தாள். பதினேழு விடுப்பு விண்ணப்பங்கள். செப்டம்பரில் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரிக் கடிதத்தை வரி மாறாமல் எழுதியிருக்கிறார்கள். 'எனக்குக் கடுமையான காய்ச்சல் காரணமாக' என்றுதான் எல்லாமே தொடங்குகின்றன. தேதி மட்டும் பதினொன்று முதல் பதினான்கு வரை என்று மாறியிருக்கிறது. மூன்றாம் வகுப்பு லோகித்தின் கடிதத்தில் 'அனுப்புநர்: உங்கள் பெயர்' என்று இருந்தது. மாதிரியில் அப்படித்தான் போட்டிருந்தேன்.

லோகித்தை எழுப்பி, நன்றாகத்தானே இருக்கிறாய், காய்ச்சல் எங்கே என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை வரும் சார்."

எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் படம் வரைந்து கொடுத்திருந்தார்கள். ஒன்றில் கட்டிலில் போர்த்திப் படுத்திருக்கும் பிள்ளை. இன்னொன்றில் பஸ். இரண்டாவதில் ஒரு நேர்மை இருந்தது.

பதினைந்து கடிதங்களிலும் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, மறுப்புத் தெரிவிக்கும் முகமாகத் திருப்பிக் கொடுத்தேன். சிவப்புக் கையெழுத்தைப் பார்த்ததும் அனுமதி கிடைத்துவிட்டதென்று நினைத்து வகுப்பே கைதட்டியது.

நவம்பர் 6, புதன்

வட்டாரக் கல்வி அலுவலர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். இருபது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளை என்ன செய்வதென்று மேலே யோசிக்கிறார்களாம். நம் பள்ளியை நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்க்கலாமா என்று கோப்பு ஓடுகிறது. பதினேழு பேரும் உண்மையிலேயே இருக்கிறார்களா, அல்லது பதிவேட்டில் மட்டும் இருக்கிறார்களா என்று பார்க்க 13ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு வருகிறார். நான் தாராளமாக வாருங்கள் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

உடனே தங்கமாரி வீட்டுக்குப் போனேன். பள்ளியை மூடிவிட்டால் இந்தச் சின்னப் பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அவருக்கும் கவலைதான். ஆனால் டூரைத் தள்ளிப்போட முடியாதாம். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஆலைக்காரர்களும் இந்த இரண்டு வாரத்தில்தான் போவார்கள். வேறு தேதிக்கு ஒரு பஸ்கூடக் கிடையாது.

அப்போது எனக்கு ஓர் உபாயம் தோன்றியது. பெரியவர்கள் போய் வாருங்கள், பதினேழு பிள்ளைகளையும் என் வீட்டில் நான்கு நாள் வைத்துக்கொள்கிறேன், என் மனைவி சமைத்துப் போட்டுவிடுவாள் என்றேன். தங்கமாரி உள்ளே போய்ப் பஸ் இருக்கைப் பட்டியலை எடுத்துவந்து, 38ஆம் எண்ணுக்கு நேராக விரலை வைத்தார். 'வடிவக்கா' என்று இருந்தது.

என் மனைவியின் பெயர் செண்பகவடிவு. ஊரில் வேறு வடிவு கிடையாது. இருந்தாலும் எந்த வடிவு என்று கேட்டேன்.

"உங்க வடிவுதான் சார். மொத ஆளாப் பேர் குடுத்தது அவங்கதான்."

நவம்பர் 7, வியாழன்

வடிவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

நவம்பர் 8, வெள்ளி

காலைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் இருந்தது. அப்படியே எழுதுகிறேன்.

'அனுப்புநர்: பா. செண்பகவடிவு, அடுப்படி. பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள், முன்னறை. மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் இந்த வீட்டில் இருபத்தாறு ஆண்டுகளாக ஒருநாள்கூட விடுப்பின்றிப் பணிபுரிந்து வருகிறேன். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. கடல் பார்க்க வேண்டியிருப்பதால் 11 முதல் 14 வரை விடுப்பு எடுக்கிறேன் என்பதைத் தெரிவித்து கொள்கிறேன்.'

விண்ணப்பம் என்றால் 'வழங்குமாறு வேண்டுகிறேன்' என்று முடிய வேண்டும். இது விண்ணப்பமே அல்ல, தகவல். அதோடு 'தெரிவித்து' என்பதற்குப் பின் 'க்' விடுபட்டிருந்தது. கை பழக்கத்தில் சிவப்பு மையில் அதைப் போட்டுக் கொடுத்தேன். வடிவு வாங்கிப் பார்த்தாள். மடித்து, அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

அப்படிச் செய்திருக்கக் கூடாது. அவளைச் சொல்லவில்லை.

மாலையில் திரும்பியபோது நான்கு நாளைக்கான ஏற்பாடுகளை வரிசையாகச் சொன்னாள். இட்லி மாவு எங்கே, பால் எத்தனை மணிக்கு வரும், மோட்டார் சுவிட்ச் எது. வீடு கட்டிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மோட்டார் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருப்பது எனக்கு ஒரு புதிய செய்தி.

நவம்பர் 9, சனி

விதிமுறைப் புத்தகத்தைக் காலையிலிருந்து படித்தேன். பிற்பகல் மூன்று மணிக்குக் கண்டுபிடித்தேன். களப்பயணம். தலைமை ஆசிரியர் உடன் சென்றால், பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருந்தாலும் வருகை தந்தவர்களே. முன் அனுமதி மட்டும் வேண்டும். அம்மையாருக்கு வாட்ஸ்அப்பில் விண்ணப்பம் அனுப்பி, ஆய்வையும் ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டேன். ஒற்றைக் கோடு மட்டும் விழுந்தது, போய்ச் சேரவில்லை. சென்னையில் ஏதோ பயிற்சியாம். தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த முடிவை நான் பள்ளியின் நலன் கருதியே எடுத்தேன். இருக்கை 38க்கும் இதற்கும் தொடர்பில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ஒற்றைக் கோடுதான் இன்னும். எடுத்துவைத்தவை: வருகைப் பதிவேடு, சுருள் கரும்பலகை, சுண்ணாம்புக்கட்டிப் பெட்டி, கைமணி, முதலுதவிப் பெட்டி, இந்த நோட்டு. மாற்று வேட்டியை மறந்துவிட்டேன். வடிவு தன் பையில் முன்பே எடுத்துவைத்திருந்தாள். நான் வரப்போவதாக அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை.

மாலையில் பள்ளி வாயிற்பலகையில் எழுதினேன்: 'பள்ளி வழக்கம்போல் நடைபெறுகிறது. இடம்: திங்கள் திருச்செந்தூர், செவ்வாய் கன்னியாகுமரி, புதன் குற்றாலம்.' வெளிப்படையாக இருப்பது நல்லது.

நவம்பர் 11, திங்கள். திருச்செந்தூர்

பஸ்ஸில் எனக்கு இருக்கை இல்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் துண்டை விரித்து உட்காரச் சொன்னார்கள். சூடு துண்டைத் தாண்டி வந்தது. வடிவு 38இல், சன்னல் ஓரம். நான் ஏறியபோது நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி வெளியே பார்த்தாள். பஸ் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. வெளியே பார்க்கச் சுவர்தான் இருந்தது.

ஒன்பதரை மணிக்குக் கடற்கரையில் மணி அடித்து வருகை எடுத்தேன். பதினேழு பேரும் 'உள்ளேன் ஐயா' சொன்னார்கள். அவர்கள் முடித்ததும் அப்பாக்களும் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைத் தாங்களே கூப்பிட்டு 'உள்ளேன் ஐயா' சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களில் நான்கு பேர் என்னிடமே படித்தவர்கள். அப்போது இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை.

கடலின் உப்புத்தன்மை பற்றிப் பாடம் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் ஓர் அலை வந்து கரும்பலகையைக் கொண்டுபோயிற்று. பிள்ளைகள் பாய்ந்து மீட்டார்கள். அதன்பின் யாரும் கரைக்குத் திரும்பவில்லை. உப்புத்தன்மையை எல்லாரும் நேரடியாகவே தெரிந்துகொண்டார்கள்.

என்னிடம் பதினோரு ஜோடிச் செருப்பு, ஏழு செல்பேசி, ஒரு பல்செட் ஒப்படைக்கப்பட்டன. அவற்றோடு நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் கைகோத்துக்கொண்டு அலைக்குள் போனார்கள். வடிவு நடுவில் இருந்தாள். ஒவ்வோர் அலைக்கும் அவள் சிரிக்கிற சத்தம் கரைவரை வந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது. எப்போது என்றுதான் நினைவில்லை.

தலை துவட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் மகள் கயல் பன்னிரண்டு ஆண்டுகள் முழு வருகைப் பதக்கம் வாங்கியவள்; இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள்.

"கயல் காலேஜ்ல சேந்தப்புறம், கூட்டாளிங்ககூடத்தான் கடலப் பாத்தா. அன்னைக்குப் போன் போட்டு, எம்மா, நீ பாத்திருக்கியான்னு கேட்டா. ம்ம்னு சொல்லிட்டேன்."

உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் எரியும். நான் நீரில் இறங்கவில்லை, இருந்தாலும் எரிந்தது. காற்றில் உப்பு இருக்கும்.

நவம்பர் 12, செவ்வாய். கன்னியாகுமரி

சூரிய உதயம் பார்ப்பது ஐந்தாம் வகுப்புப் புவியியலோடு தொடர்புடையது. ஐந்து மணிக்கு விடுதித் தாழ்வாரத்தில் மணி அடித்தேன். நம் ஆட்கள் யாரும் எழவில்லை. மேல்மாடியில் தங்கியிருந்த வடநாட்டுக் குடும்பம் தீ விபத்து என்று நினைத்துப் பெட்டிகளோடு இறங்கி வந்துவிட்டது. அவர்களை அழைத்துக்கொண்டு நானும் வடிவும் கடற்கரைக்குப் போனோம். மேகமூட்டம். சூரியன் வரவில்லை. ஏழு மணிக்கு ஓர் இடத்தில் வெளிச்சமாக இருந்ததைக் காட்டி, அங்கேதான் இருக்கிறது என்று அவர்களுக்கு விளக்கினேன். மரியாதையாகத் தலையாட்டினார்கள். வடிவு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

மாலை நான்கு மணிக்கு அம்மையாரிடமிருந்து, வாட்ஸ்அப்பில் அல்ல, சாதாரணக் குறுஞ்செய்தி வந்தது. 'நாளை காலை 10 மணி. தயாராக இருக்கவும்.' என் விண்ணப்பத்தை அவர் பார்க்கவேயில்லை. அதற்குக் கீழே இன்னும் ஒற்றைக் கோடுதான். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

விடுதி முற்றத்தில் எல்லாரையும் கூட்டினேன். இப்போதே கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு ஊர் போய்விடலாம், பள்ளி தப்பிக்கும் என்றேன். ஆண்கள் தலைகுனிந்து நின்றார்கள். பிள்ளைகள் மறுநாள் அருவியை நினைத்து அழத் தயாராக இருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி தயாராகாமலே ஆரம்பித்துவிட்டாள். தங்கமாரி முன்னால் வந்தார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் என் பிள்ளைக்கும் கஷ்டம்தான் சார், ஆனால் அருவியைக் காட்டுகிறேன் என்று ஒரு வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன், இதை எப்படி இப்போது மாற்றுவது என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

வடிவு என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஒங்களுக்குப் போகணும்னா போங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் இருக்கு. நாங்க குற்றாலம் போயிட்டு வாறோம்."

பதிவேட்டை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். மதுரைப் பேருந்துகள் மூன்று கிளம்பிப் போயின. எதிலும் எனக்குப் பிடித்த இருக்கை இல்லை. வேர்க்கடலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பொட்டலத்தை வடிவிடம் கொடுத்தேன். எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கடலை வாங்க என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

நவம்பர் 13, புதன். குற்றாலம்

இன்றைய நிகழ்வுகளை வரிசைப்படி எழுத முயல்கிறேன்.

எட்டரை மணிக்கு ஐந்தருவி வந்து சேர்ந்தோம். தண்ணீர் நன்றாக விழுந்தது. கல்யாணமாகி அடுத்த வாரம் இங்கேதான் வருவதாக இருந்தோம் என்று வடிவு சொன்னாள். அப்போது வாக்காளர் பட்டியல் பணி வந்துவிட்டது. அதை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

பத்து மணி ஏழு நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது. அம்மையார் பள்ளி வாயிலில் நின்றுகொண்டிருந்தார். வாயிற்பலகையில் நான் எழுதியிருந்ததை எனக்கே வாசித்துக் காட்டினார். 'வழக்கம்போல்' என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தார். தெருவில் ஆடுகளைத் தவிர யாரும் இல்லை என்றும் சொன்னார். நான் களப்பயணம், விதி, ஒற்றைக் கோடு எல்லாவற்றையும் விளக்கினேன். அருவிச் சத்தத்தில் பாதி போய்ச் சேரவில்லை.

"சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வீடியோ கால்ல வாங்க. பிள்ளைங்களக் காட்டுங்க."

மணியை எடுத்து அடித்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்தும் பெண்கள் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் ஈரத்தோடு ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். செல்பேசியை மெதுவாக நகர்த்தினேன். அம்மையார் எண்ணினார். இன்னொரு முறை எண்ணச் சொன்னார்.

"சார், பதினேழுதானே சொன்னீங்க. இருபத்திமூணு இருக்கே."

மணிச் சத்தம் கேட்டு வேறு ஊர்ப் பிள்ளைகள் ஆறு பேரும் வரிசையில் வந்து நின்றிருக்கிறார்கள். போகச் சொன்னேன், போகவில்லை. பெயர் கூப்பிட்டால் யார் நம் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்று பதிவேட்டைப் பிரித்தேன். முதலில் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று அம்மையார் சொன்னார். உயர்த்திக் காட்டினேன். பின்னாலிருந்து யாரோ அதை வாங்கினார்கள். பெற்றோரில் ஒருவர் உதவுகிறார் என்று நினைத்துக் கையை விட்டேன். குரங்கு.

அது கைப்பிடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, நவம்பர் மாதத்தைப் பிரித்து, ஓரத்தைக் கடித்தது. அரசு ஆவணம். நான் அதட்டினேன். அது பக்கத்தைத் திருப்பியது. செல்பேசி இருந்த கையை வீசி அதட்டியதால் அதில் வானம், அருவி, என் வேட்டி என்று மாறிமாறித் தெரிந்ததாம்; அம்மையார் பின்னால் சொன்னார்.

அப்போது வடிவு பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். தலைமுடி நனைந்து இடுப்புவரை ஒட்டிக்கிடந்தது. பையிலிருந்து இரண்டு அதிரசத்தை எடுத்தாள். ஒன்றைக் குரங்குக்குக் காட்டி, இன்னொரு கையை நீட்டினாள். குரங்கு பதிவேட்டைக் கொடுத்துவிட்டு அதிரசத்தை வாங்கிக்கொண்டது. இரண்டாவது அதிரசத்தை வடிவு என் கையில் வைத்தாள். அவளுக்கு அது ஒரே மாதிரியான வேலையாகத்தான் இருந்தது.

யார் அது என்று அம்மையார் கேட்டார். என் மனைவி என்றேன். நான் அதைச் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அருவிக்குக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்து வாசிப்புத் திறன். மூன்றாம் வகுப்பில் ஒருவரை எதையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். புத்தகம் இல்லை. லோகித் எதிரே இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தங்குதடையில்லாமல் வாசித்தான். எண்ணெய், சோப்பு தேய்த்துக் குளிக்கக் கூடாது. பாறைமேல் ஏறக் கூடாது. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. மீறினால் அபராதம். 'மீறினால்' என்றால் என்ன பொருள் என்று அம்மையார் கேட்டார்.

"வடிவு அத்தை இப்பச் செஞ்சாங்கள்ல மேடம், அதுதான்."

படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். பிறகு, வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கு வருகிறேன், அந்த ஆறு பேரையும் அவரவர் வீட்டில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

எல்லாரும் திரும்பவும் அருவிக்கு ஓடினார்கள். தங்கமாரியின் கணவர் என் பதிவேட்டையும் மணியையும் வாங்கி வைத்துக்கொண்டு, போங்க சார் என்றார். போனேன். அருவியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தலையில் விழுந்தது. ஒன்றேகால் மணி நேரம் நின்றேன்.

நவம்பர் 14, வியாழன். பஸ்

குழந்தைகள் தின உரையைத் திருநெல்வேலி தாண்டித் தொடங்கி, கயத்தாற்றுக்கு முன்பே முடித்தேன். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். 37ஆம் இருக்கை அம்மாள் வாந்தி வருகிறது என்று முன்னால் போய்விட்டார். ஓர் இருக்கை வீணாகக் கிடப்பது சரியல்ல என்பதால் அங்கே உட்கார்ந்தேன். வடிவின் தலை என் தோளில் சாய்ந்தது. ஊர் வருவதற்குள் தோள் மரத்துப்போயிற்று. எழுப்பவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

அம்மையார் வந்தார். ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணினார். பதினேழு. பதிவேட்டின் நவம்பர்ப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடியில் 12ஆம் தேதி முழுவதும் போயிருக்கிறது.

நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கு ஒரு மணி நேரம் அவரே பாடம் எடுத்தார். முடிவில் பிள்ளைகள் உண்மையாகவே இருக்கிறார்கள், படிக்கிறார்கள், இந்தக் கல்வியாண்டில் பள்ளியை இங்கேயே தொடரப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். வாசலில் நின்ற தங்கமாரி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, மேலாண்மைக் குழுத் தீர்மானம் என்று ஒரு தாளை நீட்டினார். அடுத்த ஆண்டு முதல் தீபாவளிக்குப் பிந்தைய வாரத்தில் நான்கு நாள் உள்ளூர் விடுமுறை விட வேண்டும். அதற்கு ஈடாக நான்கு சனிக்கிழமைகள் பள்ளி நடத்திக்கொள்ளலாம். யாரும் காய்ச்சல் என்று எழுத வேண்டியிருக்காது என்று வாயால் சேர்த்துக்கொண்டார். நல்ல யோசனைதான், மேலே அனுப்புகிறேன் என்றார் அம்மையார்.

கிளம்பும்போது என்னிடம் ஓர் உறையைக் கொடுத்தார். குறிப்பாணை. முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு நீங்கியது ஏன்? மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். எனக்கு வந்த முதல் குறிப்பாணை. அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

நவம்பர் 16, சனி

விளக்கம் எழுதினேன். நான்கு பக்கம். விதி எண், துணைவிதி எண், களப்பயணத்தின் கற்றல் விளைவுகள் பன்னிரண்டு. செம்மையாக வந்திருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

வடிவிடம் படிக்கக் கொடுத்தேன். நான்கு பக்கத்தையும் அடுப்படியில் நின்றே படித்தாள்.

"எல்லாஞ் சரியா இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?"

அலுவலகக் கடிதத்தில் நீ எப்படி வருவாய் என்று கேட்டேன். அவள் தாள்களைச் சரியாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். முன்னறையில் வந்து உட்கார்ந்தேன். மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறொரு தாளில் மூன்று வரி எழுதினேன். அவளிடம் காட்டவில்லை.

நவம்பர் 18, திங்கள்

ஆலை இன்று திறந்துவிட்டது. ஊரில் டிவிச் சத்தம் இல்லை. எட்டாம் வாய்ப்பாடு முழுமையாக நடந்தது.

பள்ளி விட்டதும் வட்டார அலுவலகத்துக்குப் போய், அந்த மூன்று வரித் தாளை அம்மையாரிடம் கொடுத்தேன். நான்கு பக்கம் பையிலேயே இருந்தது. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். இதைக் கோப்பில் வைக்க முடியாது சார் என்றார். வெற்றுத்தாள் ஒன்றை என் முன்னால் போட்டார். அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். அனுமதி கோரப்பட்டது, தொடர்பு கிடைக்கவில்லை, இனி இவ்வாறு நிகழாது. கையெழுத்திட்டேன். முத்திரை குத்தினார். விஷயம் முடிந்தது.

என் தாளைத் திருப்பிக் கேட்டேன். அதை அவர் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும் சார். எங்க வீட்டுல ஒருத்தர் படிக்கணும்."

வீட்டுக்கு வந்தேன். வடிவு சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஏற்றுக்கொண்டார்கள் என்றேன். நாலு பக்கத்தையுமா என்றாள். இல்லை, வேறு எழுதினேன் என்றேன். என்ன எழுதினீர்கள், நகல் இருந்தால் காட்டுங்கள் என்றாள். நகல் எடுக்கவில்லை. வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

"எம் பொண்டாட்டி கடல் பாக்கப் போனா. அவ இல்லாம நாலு நாள் அந்த வீட்டுல இருக்க எனக்குப் பயமா இருந்துச்சு. அதனாலதான் நானும் போனேன்னு எழுதினேன்."

வடிவு இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அடுப்படியில் குக்கர் சத்தம், காதில் விழவில்லை போலிருக்கிறது. கிட்டப் போய்ச் சொன்னேன்.